வெள்ளை ஒயர்

திருவொற்றியூர் குப்பத்தில், அலைக்குத் தடுப்பாகக் கொட்டிய கருங்கல் வரிசைக்கு இந்தப் பக்கம், மூன்றாவது சந்தின் கடைசி வீடு எத்திராஜுடையது. பேய் நடமாடிய வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீல பெயின்ட் அடித்த சுவர், வாசலில் கவிழ்த்துப் போட்ட, மீன் சுமக்கிற அன்னக்கூடை, கொடியில் காயும் நைட்டி, அவ்வளவுதான். பாழடைந்த பங்களாவும் நடுச்சாமத்து நாய் ஊளையும் வேண்டும் என்று உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், நான் தடுக்க மாட்டேன். இது பட்டப்பகலில் ஆரம்பித்து விளக்கு வைக்கிற நேரத்தில் முடிந்துபோனது.

அன்றைக்குச் சனிக்கிழமை. எத்திராஜின் மகள் அம்மு கன்டெய்னர் யார்டு ஆபீஸில் அரை நாள் வேலையை முடித்துவிட்டு இரண்டரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தாள். ஹேண்ட்பேக்கை ஆணியில் மாட்டினாள். அப்பா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். காதில் பெரிய ஹெட்போன். மடியில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து ஒரு வெள்ளை ஒயர் ஜன்னல் திட்டில் இருந்த போனுக்குப் போனது. பெட்டியின் ஓரத்தில் சின்னதாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னா நைனா, கேக்குதா?" என்று கையை ஆட்டிக் கேட்டாள்.

"வெளக்கு எரியுது. சத்தம் வரல," என்றார் எத்திராஜ், காது மந்தமானவர்களுக்கே உரிய பெரிய குரலில். "ஒரு வாரமா சொல்லிகினு கீறேன். சரி பண்ணிக் குடு கண்ணு. எம்புள்ள பேசினதை நான் கேக்கணும்."

அம்மு தலையைக் குனிந்துகொண்டாள்.

முப்பது வருஷம் ஃபைபர் படகில் டீசல் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்த மனிதர் எத்திராஜ். காது அதற்கே போய்விட்டது. சந்தில் கல்யாண மேளம் போனாலும் "எதோ அதிருது" என்பார். ஆனால் இன்ஜின் என்றால் அந்தக் குப்பத்தில் அவர்தான். நடுக்கடலில் எவன் படகு நின்றாலும் எத்திராஜுக்குத்தான் போன் அடிப்பார்கள். கரையில் இருந்தபடியே இதைக் கழற்று, அதை முறுக்கு என்று சொல்லிச் சொல்லி, படகை வீடு சேர்த்துவிடுவார். காது போனதும் அந்தப் பெருமையும் போயிற்று. எதிராளி பேசுவது கேட்டால்தானே வைத்தியம் சொல்ல முடியும்!

அதற்காகத்தான் மகன் திலீப் இந்தப் பெட்டியை வாங்கி வந்தான். அம்முவுக்கு இரண்டு வயது மூத்தவன், பாட்டுப் பைத்தியம். போனிலிருந்து ஒயர் வழியாக வரும் பேச்சைப் பெட்டி வாங்கிக்கொண்டு, பெரிதாக்கி, ஹெட்போனுக்குத் தள்ளும். அப்பாவின் காதுக்கு எவ்வளவு சத்தம் வேண்டும் என்று ஒரு நாள் பூராவும் பெட்டியின் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியான இடத்தில் அம்முவின் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தான். அப்புறம் வாசலில் போய் நின்று போன் போட்டான். "நைனா, நான் திலீப் பேசறேன். கேக்குதா?" உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்ட எத்திராஜ் ஓவென்று அழுதுவிட்டார். நாலு வருஷமாகப் பிள்ளையின் குரல் தெளிவாகக் கேட்காத தகப்பன், பாவம், வேறென்ன செய்வார்?

அன்றிலிருந்து ஒரு வழக்கம். திலீப் கடலில் இருக்கிற நேரமெல்லாம் அப்பா போனைப் பெட்டியில் மாட்டி, ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். இன்ஜின் மக்கர் பண்ணினால் பிள்ளை கூப்பிடுவான், மணி நேராகக் காதுக்குள் அடிக்கும்.

பதினொரு மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை மதியம், எண்ணூருக்கு நேரே, கப்பல் போகிற பாதையில் திலீப்பின் படகு இன்ஜின் நின்றுபோய்க் கிடந்தது. பெரிய கப்பல் ஒன்று கிளப்பிய அலையில் கவிழ்ந்தது. கூடப் போன யேசுதாஸ் டீசல் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைத்தான். திலீப் கிடைக்கவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. அம்மா நீலா இன்றைக்கு வரைக்கும் அவன் படத்துக்கு மாலை போட விடவில்லை.

எத்திராஜ் கேட்டது ஒரே கேள்விதான். பதினொரு மாதமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறார். "என்னை ஏன் கூப்டல அவன்? நான் மாட்டிகினுதானே குந்திகினு இருந்தேன்? வெளக்கு எரிஞ்சிகினுதானே இருந்துச்சு? ஒரே ஒரு தபா கூப்ட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்பேனே!"

அவன் கூப்பிட்டிருந்தான். ஏழு தடவை.

அன்று சாயங்காலம் விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த அம்முதான் முதலில் பார்த்தாள். ஜன்னல் திட்டில், மடக்குக் கவருக்குள் கிடந்த அப்பாவின் போனில் ஏழு மிஸ்டு கால். அதற்குக் கீழே திலீப்பின் குரலில் ஒரு மெசேஜ், நாற்பத்தியொரு வினாடி. அவளும் அம்மாவும் அடுப்பங்கரையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள்.

"நைனா, இன்ஜின் நின்னு பூட்ச்சு. ஹேண்டில் சுத்திச் சுத்திக் கை உட்டுப் போச்சு, எடுக்க மாட்டேங்குது. இன்னா பண்ணணும் சொல்லு. நைனா, போன எடு நைனா. கப்பல் ஒண்ணு வருது. நைனா... போன எடேன்..."

நீலா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு விழுந்தாள். "இத்தை அவரு கேட்டா உசுரே பூடும்டி. சத்தியமா சொல்லாத." அம்மு ஏழு கால்களையும் அழித்தாள். மெசேஜை அழிக்க விரல் வரவில்லை. அண்ணன் குரல் அது ஒன்றுதான் மிச்சம்.

எத்திராஜுக்குப் பச்சையை அழுத்தவும் சிவப்பை அழுத்தவும்தான் தெரியும், படிக்க வராது. அதனால் பதினொரு மாதம் தப்பித்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை, கரையில் வலை சரிபார்த்துக்கொண்டிருந்த யேசுதாஸ் வாய்தவறி உளறிவிட்டான். "கவுறதுக்கு முன்னாடி போன்ல உனக்கு இன்னாவோ பேசி அனுப்சான் மாமு." அவ்வளவுதான். அன்றிலிருந்து கிழவர் பெட்டியும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

"பெட்டி ரிப்பேரு நைனா," என்று அம்மு சொல்லியிருந்தாள். பொய் என்று நினைத்துத்தான் சொன்னாள். மாட்டிப் பார்த்தால், நிஜமாகவே ரிப்பேர்.

அந்தச் சனிக்கிழமை அப்பா டீ குடிக்க முக்குக் கடைக்குப் போன நேரத்தில் அவள் சோதிக்க உட்கார்ந்தாள். போனில் பெட்டியை மாட்டினால், திரையின் மேலே குட்டியாக ஒரு ஹெட்போன் படம் வரவேண்டும். வந்தால்தான் போனும் பெட்டியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன என்று அர்த்தம். வெள்ளை ஒயரில் படம் வரவேயில்லை. பெட்டியோடு வந்த குட்டையான கறுப்பு ஒயர் எப்போதோ ஆபீஸ் வேலைக்கு எடுத்துப்போனது, அவள் பையிலேயே தங்கிவிட்டிருந்தது. அதை எடுத்து மாட்டினாள். படம் வந்தது. ஒரு பாட்டைப் போட்டாள். கணீரென்று கேட்டது. தன் காதுக்கு அதிகம் என்று திருகைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாள்.

மெசேஜ் ஓடுகிறதா என்றும் பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

"நைனா, இன்ஜின் நின்னு பூட்ச்சு... இன்னா பண்ணணும் சொல்லு. நைனா, போன..."

டக். சத்தம் நின்றது. ஹெட்போன் படம் போய்விட்டது.

கழற்றி மாட்டினாள். மறுபடியும் "நைனா, போன" என்கிற இடத்தில் டக். போனை அணைத்துப் போட்டாள். ஒயர் செருகுகிற ஓட்டையை ஊதினாள், குண்டூசியால் அழுக்கு எடுத்தாள், ஒயரைத் தலைகீழாகத் திருப்பிச் செருகினாள். பாட்டு போட்டால் முழுதாக ஓடியது. மெசேஜ் மட்டும் அதே வார்த்தையில் அறுந்தது. நாலு தடவை. ஒரு வினாடி முன்னே பின்னே கிடையாது.

ஒயர் கோளாறுக்கு வார்த்தை தெரியுமா?

ஐந்தாவது தடவை அறுந்தபோது ஹெட்போனைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றாள். படம் இல்லை. போன் அமைதி. ஆனால் காதுக்குள் ஏதோ கேட்டது. சளப்... சளப்... ஃபைபர் படகின் வயிற்றில் தண்ணீர் மெல்ல அறைகிற சத்தம்.

வீட்டுக்குள் டீசல் வாசனை வந்தது.

பெட்டியைப் பார்த்தாள். அவள் இறக்கி வைத்த திருகு, சிவப்புப் புள்ளிக்கு நேராக நின்றது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். வெளியே நல்ல வெயில், எதிர்வீட்டுச் செல்லம்மா பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். 

திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு காலடிப்பேட்டை போனாள். மார்க்கெட் ஓரத்தில் ஜெஸ்வினுடைய போன் சர்வீஸ் கடை. அவன் அப்பா காலத்தில் தெற்கே நாசரேத்திலிருந்து வந்த குடும்பம். பேச்சில் இன்னும் அந்த ஊர் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஜெஸ்வின் பெட்டியைத் திறந்து பார்த்தான், பூதக்கண்ணாடி போட்டுப் பார்த்தான், தன் போனில் மாட்டிப் பாட்டுக் கேட்டான். "பெட்டி தங்கமால்லா இருக்கு. ஒரு கொறையும் இல்லக்கா. கேபிள் எது போடுதீங்க?"

இரண்டு ஒயரையும் கொடுத்தாள். அவன் மேஜையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்தான். வரிசையாக நாலு விளக்கு. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒயரைச் செருகினால், உள்ளே எந்தெந்தக் கம்பி உயிரோடு இருக்கிறது என்று காட்டும். கறுப்பு ஒயரைச் செருகினான். நாலும் எரிந்தன. வெள்ளையைச் செருகினான்.

இரண்டுதான் எரிந்தன.

"கேடு ஒண்ணும் இல்லக்கா. செஞ்சதே இப்படித்தான்," என்றான் ஜெஸ்வின். "சார்ஜ் மட்டும் ஏறுத கேபிள். பவர் போறதுக்கு ரெண்டு கம்பி இருக்கு. பேச்சு போறதுக்கு உள்ள கம்பியே இதுல கெடையாது. இதப் போட்டா லைட்டு நல்லா எரியும். பாக்கிறவங்க கனெக்‌ஷன் இருக்குன்னு நெனச்சுக்கிடுவாங்க. ஒரு பொட்டு சத்தம் வராது. எங்க வாங்குனீங்க இத?"

அம்மு வெள்ளை ஒயரை அட்டையிலிருந்து உருவினாள்.

வாங்கவில்லை. ஆபீஸ் மேஜை டிராயரில் கிடந்ததை எடுத்து வந்தாள். எதற்கு? கறுப்பு ஒயருக்குப் பதிலாக வைக்க. அடி வாங்கிய கன்டெய்னர்களின் போட்டோவைப் போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏற்ற வேண்டியிருந்தது. டிராயரில் கிடந்த வெள்ளை ஒயரில் ஏறவில்லை, ஏனோ தெரியவில்லை, சனியன் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மறுநாள் காலை அப்பாவின் பெட்டியிலிருந்து கறுப்பை உருவிக்கொண்டு, அந்த இடத்தில் வெள்ளையைச் செருகி, விளக்கு எரிகிறதா என்று மட்டும் பார்த்தாள். எரிந்தது. ஆபீஸ் போய்விட்டாள்.

என்றைக்கு?

கணக்குப் போட வேண்டிய அவசியமே இல்லை. கம்ப்யூட்டரில் அந்தப் போட்டோக்களின் மேலேயே தேதி இருக்கிறது. படகு கவிழ்ந்த அதே வியாழக்கிழமை.

"வெளக்கு எரிஞ்சிகினுதானே இருந்துச்சு?"

"அக்கா, என்னக்கா ஆச்சு? ஒக்காருங்க, தண்ணி குடிங்க," என்று ஜெஸ்வின் பதறினான். அம்மு ஸ்டூலில் உட்கார்ந்து, வெள்ளை ஒயரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கடையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்க வாய்விட்டு அழுதாள். கடல் கொன்றது என்று நினைத்திருந்தாள். கப்பல் கொன்றது என்று நினைத்திருந்தாள். பாவி, நான்தான், நான்தான் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

வீடு வந்தபோது ஆறு மணி தாண்டியிருந்தது. வழியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். தான் செய்ததைச் சொல்லத் தைரியம் இல்லை. அந்த மெசேஜை அப்பா கேட்பதைப் பார்க்கவும் தைரியம் இல்லை. வெள்ளை ஒயரைப் போட்டுக் கொடுத்துவிட்டால் எந்தக் காலத்திலும் சத்தம் வராது. பெட்டி சரியாகிவிட்டது, மெசேஜ்தான் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாம். கறுப்பு ஒயரைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். பையை ஆணியில் மாட்டினாள்.

"சரி பண்ட்டியா?" எத்திராஜின் முகம் மலர்ந்தது.

"பண்ட்டேன் நைனா."

வெள்ளை ஒயரைப் பெட்டியில் செருகினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. சந்து முழுக்க இருட்டிக்கொண்டு வந்தது. வாசல் பக்கம் மட்டும் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம். அதுவும் நல்லதுக்குத்தான் என்று, போனைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, ஒயரின் மறுமுனையைப் பாயின் ஓரத்துக்கு அடியில் தள்ளிவிட்டாள். தப்பித்தவறிக்கூட அந்தக் குரல் ஓடிவிடக் கூடாது. எத்திராஜ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

பெட்டியின் விளக்கு எரிந்தது. அது உள்ளே இருக்கிற பேட்டரி என்று அம்மு நினைத்துக்கொண்டாள்.

ஒரு நிமிஷம் போயிற்று.

கெட்டுப்போய்விட்டது நைனா என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

எத்திராஜ் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"சொல்லுடா," என்றார்.

அம்மு கையிலிருந்த போனைப் பார்த்தாள். அதில் எதுவும் ஓடவில்லை.

"கேக்குதுடா. நல்லா கேக்குது. எங்க கீற?" வழக்கமாகக் கத்துகிறவர் மெதுவாகப் பேசினார், காது நன்றாகக் கேட்கிற மனிதர் பேசுவது மாதிரி. "பதறாத. நைனா கீறேன்ல. ஹேண்டிலை உடு, எத்தினி தபா சுத்தினாலும் எடுக்காது. டீசல் பைப்புல காத்து புடிச்சிகினு கீது."

டீசல் வாசனை வந்தது. சனிக்கிழமை வந்ததைவிட அதிகமாக, மூக்கை எரிக்கிற மாதிரி.

"ஸ்பேனர் எடு. பம்ப்பாண்ட நட்டு கீது பாரு, அத்தை அரை சுத்து லூஸ் பண்ணு. பண்ட்டியா? இன்னா வருது? ... குமிழிதானே? வரட்டும். கையால பம்ப் அடி. அடிச்சிகினே இரு."

அவர் வலது கட்டைவிரல் மடியில் மேலும் கீழும் ஆடியது.

"யோவ்," என்று வாசலில் ஒரு குரல். காசிமேட்டில் மீன் விற்றுவிட்டுத் திரும்பிய நீலா, தலையில் அன்னக்கூடையோடு நின்றாள். "யாராண்டய்யா பேசிகினு கீற?"

எத்திராஜ் கண்ணைத் திறக்கவில்லை.

"நின்னு போச்சா குமிழி? சுத்தமா டீசல் வருதா? தோ, அவ்ளோதான். இப்ப முறுக்கு. நல்லா முறுக்கு. ம். இப்ப போடு ஹேண்டில."

எத்திராஜ் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

கருங்கல் வரிசைக்கு அந்தப் பக்கம், இருட்டுகிற கடலில், ஒரு இன்ஜின் இருமியது. மறுபடி இருமியது. பிடித்துக்கொண்டது.

டுக்கு டுக்கு டுக்கு டுக்கு.

நீலாவின் தலையிலிருந்து அன்னக்கூடை கீழே விழுந்து உருண்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். பத்து வருஷம் அந்தச் சத்தம் கரைக்கு வந்த பிறகுதான் உலை வைத்திருக்கிறாள். அந்த இன்ஜின் பதினொரு மாதமாக எண்ணூர் கடலுக்கு அடியில் கிடக்கிறது.

"எம்புள்ள!" என்று கத்திக்கொண்டு கரையைப் பார்த்து ஓடினாள்.

"அப்டியே மெல்ல வா," என்றார் எத்திராஜ். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது. "கப்பலாண்ட போகாத. கரையப் பாத்து வா. ... இன்னாடா? ... ஏழு வாட்டியா கூப்ட்ட? ஐயோ கண்ணு... நான் குந்திகினுதான்டா இருந்தேன்... மாட்டிகினுதான்டா இருந்தேன்..."

அப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார். ஒரு தடவை அம்மு இருந்த பக்கம் திரும்பினார்.

"அப்டியா?" என்றார். "ஒயரா?"

அம்முவின் கையிலிருந்து போன் நழுவி விழுந்தது. ஒயரை மாற்றியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஜெஸ்வினிடம்கூடச் சொல்லவில்லை.

"இல்லடா. திட்ட மாட்டேன். அவளுக்கு இன்னா தெரியும், பாவம். ... நீ சொல்லணுமா? எம்பொண்ணு எனக்குத் தெரியாதா?"

எத்திராஜ் ஹெட்போனைக் கழற்றினார். இருட்டில் அவள் பக்கமாக நீட்டினார்.

"இந்தா. உங்கிட்ட பேசணுமாம்."

அம்முவுக்கு ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அந்த வீட்டில் அவனோடு இருபத்திரண்டு வருஷம் அடித்துப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவள் எங்கே ஓடுவாள்? வாங்கிக் காதில் வைத்தாள்.

படகின் வயிற்றில் தண்ணீர் அறைந்தது. இன்ஜின் சீராக, ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில், ரொம்பப் பக்கத்தில், யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"ஏய் கருவாடு," என்றது குரல். அவளை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள். "ஒரு ஒயரை எடுத்தா எடுத்த எடத்துல திருப்பி வெக்க மாட்டியா நீ?"

தினமும் திட்டுவானே, அதே மாதிரி. சீப்பை எடுத்தால், சார்ஜரை எடுத்தால், அவன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டால். அதே பொய்க்கோபம், அதே சிரிப்பு அடியில்.

"அண்ணா," என்றாள். "அண்ணா, தெரியாமப் பண்ட்டேன் அண்ணா. நான் வேணும்னு..."

இன்ஜின் சத்தம் மெல்லத் தூரமாகப் போனது. கரைக்கு வரவில்லை. வெளியே நீலா கருங்கல் மேல் நின்று அவன் பெயரைச் சொல்லிக் கூவுவது மட்டும் கேட்டது.

கரண்டு வந்தது.

அம்மு முதலில் அப்பாவைப் பார்த்தாள். அவர் சுவரில் சாய்ந்து, களைத்துப்போய், பதினொரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அமைதியாக உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவர் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். விளக்கு இன்னும் எரிந்தது.

பெட்டியில் செருகியிருந்தது வெள்ளை ஒயர் இல்லை. குட்டையான கறுப்பு ஒயர்.

அதன் மறுமுனை எதிலும் மாட்டாமல் தரையில் தொங்கியது. அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து பாய் நனைந்திருந்தது.

ஆணியில் பை அப்படியே தொங்கியது, ஜிப் மூடியபடியே. எழுந்து போய்த் திறந்தாள். சீப்பு, டிபன் டப்பா, ரயில் பாஸ் எல்லாம் உலர்ந்து கிடந்தன. அவற்றின் மேல், திலீப் சுருட்டுகிற மாதிரி எட்டு போட்டுச் சுருட்டி, வெள்ளை ஒயர் இருந்தது.

அந்த நாற்பத்தியொரு வினாடியை எத்திராஜ் அதற்கப்புறம் கேட்கவே இல்லை. நீலா அடுத்த வாரம் படத்துக்கு மாலை போட்டாள். பெட்டியை அவர்கள் ஜன்னல் திட்டிலேயே வைத்திருக்கிறார்கள், கறுப்பு ஒயரோடு. யாரும் அதற்குச் சார்ஜ் போடுவதில்லை. விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

தினமும் காலையில் ஆபீஸ் கிளம்புவதற்கு முன், ஒயரின் நுனியில் சேர்ந்திருக்கும் தண்ணீரை அம்மு தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டுப் போகிறாள்.